பட்ஜெட் நடுவுல பார்லிமென்டுக்கு லீவா? 331-ஜி விதி பத்தி கொஞ்சம் விவரமா

வருஷா வருஷம் பிப்ரவரி பாதி வந்தா ஒரு செய்தி கண்டிப்பா வரும், "நாடாளுமன்றம் மார்ச் இத்தனாம் தேதி வரை ஒத்திவைப்பு"ன்னு. 2025-ல பிப்ரவரி 13-ம் தேதி ஒத்திவெச்சு மார்ச் 10-ம் தேதி திரும்பக் கூடினாங்க. செய்திக்குக் கீழ வர்ற பேச்சும் வருஷா வருஷம் ஒண்ணுதான், "பட்ஜெட் போட்டு ரெண்டு வாரம் கூட ஆகல அதுக்குள்ள லீவு விட்டுட்டாங்க", "நமக்கெல்லாம் பொங்கலுக்கே மூணு நாளு, இவங்களுக்கு மூணு வாரம்". கோவம் நியாயம்தான், எம்பிக்கள் சபையில பண்றதைப் பார்த்தா யாருக்கும் வரும், ஆனா இந்த மூணு வார விஷயத்துல மட்டும் கோவம் தப்பான அட்ரஸுக்குப் போகுது. ஏன்னா இது யாரோ இஷ்டத்துக்கு விட்ட லீவு கிடையாது, மக்களவை விதிப்புத்தகத்துல 331-ஜி ன்னு ஒரு விதி இருக்கு, சபை இந்த நேரத்துல மூடியே ஆகணும்னு அது சொல்லுது. மாநிலங்களவைக்கு இதே வேலையை 272-வது விதி பண்ணுது.

331-ஜி சின்ன விதிதான், அஞ்சு வரி. பட்ஜெட் மேல பொது விவாதம் முடிஞ்சதும் ரெண்டு சபையும் ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு ஒத்திவைக்கப்படணும். அந்தக் காலத்துல நிலைக்குழுக்கள், அதாவது ரெண்டு சபை எம்பிக்களும் இருக்கிற துறைவாரிக் குழுக்கள், உட்கார்ந்து அந்தந்த அமைச்சகத்தோட மானியக் கோரிக்கையை, அதாவது இந்த வருஷச் செலவுக்கு இவ்வளவு பணம் வேணும்னு சபைகிட்ட கேக்கறதை, படிக்கணும். அதுக்குள்ள ரிப்போர்ட் குடுத்துடணும், கூடுதல் நேரம் கேட்கக் கூடாது. அந்த ரிப்போர்ட்டை வெச்சுக்கிட்டு சபை மானியக் கோரிக்கையைப் பரிசீலிக்கணும். ஒவ்வொரு அமைச்சகத்துக்கும் தனித்தனி ரிப்போர்ட் வேணும். அவ்வளவுதான். இதுல "கூடுதல் நேரம் கேட்கக் கூடாது"ங்கிறதைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

முதல்ல ஒத்திவைப்புன்னா என்னன்னு ஒரு குழப்பம் இருக்கு, அதைத் தீர்த்துட்டுப் போவோம். தமிழ்ல எல்லாத்துக்கும் ஒத்திவைப்புன்னே எழுதிடறாங்க. கூச்சல் போட்டா மதியம் 2 மணி வரை ஒத்திவைப்பு, சாயங்காலம் ஆனா நாளைக்கு ஒத்திவைப்பு, கூட்டத்தொடர் முடிஞ்சா தேதி குறிப்பிடாமல் ஒத்திவைப்பு, இதுல எதிர்க்கட்சி குடுக்கிற ஒத்திவைப்புத் தீர்மானம்னு வேற ஒண்ணு, அது இருக்கிற வேலையை ஓரம்கட்டிட்டு ஒரு அவசர விஷயத்தைப் பேசணும்னு கேக்கறது, இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. சபையை எத்தனை மணிக்கு, எந்தத் தேதிக்கு ஒத்திவைக்கறதுங்கிறது மக்களவை 15-வது விதிப்படி சபாநாயகர் கையில இருக்கு, சொன்ன தேதிக்கு முன்னாடியே திரும்பக் கூப்பிடவும் அவருக்கு அதிகாரம் உண்டு. கூட்டத்தொடரையே முடிச்சு வைக்கிறது மட்டும் குடியரசுத் தலைவர், அதாவது நடைமுறையில மத்திய அமைச்சரவை. பிப்ரவரி இடைவேளையில முடிச்சு வைக்கிறது நடக்காது. கூட்டத்தொடர் உயிரோடதான் இருக்கு, சபை மட்டும் கூடல. கடையில ஷட்டரைப் பாதி இறக்கிட்டு உள்ள கணக்கு பாக்கற மாதிரி.

இதென்னடா பெரிய வித்தியாசம்னு நினைக்கலாம், ஆனா 2015-ல இந்த வித்தியாசத்தை வெச்சே ஒரு ஆட்டம் நடந்தது. அப்ப நிலம் கையகப்படுத்தும் சட்டத்தைத் திருத்தி 2014 டிசம்பர் 31-ம் தேதி ஒரு அவசரச் சட்டம் போட்டிருந்தாங்க. பட்ஜெட் தொடர் பிப்ரவரி 23-ம் தேதி ஆரம்பிச்சது, சபை கூடி ஆறு வாரத்துல அவசரச் சட்டம் காலாவதி ஆயிடும், அதாவது ஏப்ரல் முதல் வாரம். மக்களவையில மசோதா பாஸ் ஆயிடுச்சு, மாநிலங்களவையில அரசுக்கு ஆள் பலம் இல்ல. மார்ச் 20-ம் தேதி நிலைக்குழுக்களுக்காக ஒரு மாச இடைவேளை விட்டாச்சு, ஆனா கூட்டத்தொடர் நடப்புலயே இருக்கே, ரெண்டு சபையும் தொடர்ல இருக்கும்போது அரசியல் சாசனம் 123-வது பிரிவுப்படி அவசரச் சட்டம் போட முடியாது. என்ன பண்ணினாங்க? மார்ச் 28-ம் தேதி மாநிலங்களவையோட தொடரை மட்டும் முடிச்சு வெச்சாங்க. ஒரு சபை தொடர்ல இல்லன்னா போதுமே. ஏப்ரல் 3-ம் தேதி புது அவசரச் சட்டம் வந்துடுச்சு. மாநிலங்களவை அப்புறம் ஏப்ரல் 23-ம் தேதி புதுத் தொடர்னு சொல்லிக் கூடுச்சு. 2016-லயும் இதே மாதிரி, உத்தரகண்ட்ல குடியரசுத் தலைவர் ஆட்சி வந்து அந்த மாநிலச் செலவுக்கு அவசரச் சட்டம் தேவைப்பட்டது, பட்ஜெட் இடைவேளையில ரெண்டு சபையோட தொடரையும் முடிச்சு வெச்சுட்டு, ஏப்ரல் 25-ம் தேதி புதுசா கூட்டினாங்க. குழு வேலைக்குன்னு விட்ட இடைவெளி வேற வேலைக்கும் உதவுதுன்னு அரசுகள் கண்டுபிடிச்சாச்சு. விதியை எழுதினவங்க இதை நினைச்சிருக்க மாட்டாங்கன்னுதான் எனக்குத் தோணுது.

சரி, ஏன் மூடணும்? குழுவும் நடக்கட்டும், சபையும் நடக்கட்டுமே? விதிப்படி பார்த்தா சபை நடக்கும்போது குழு கூடறதுக்குத் தடை எதுவும் இல்ல. சபையில ஓட்டெடுப்பு மணி அடிச்சா குழுத் தலைவர் கொஞ்ச நேரம் நிறுத்தி வெச்சு உறுப்பினர்களை அனுப்பணும், அவ்வளவுதான். மத்த கூட்டத்தொடர்கள்ல இப்படி நடக்கவும் செய்யுது. ஆனா மானியக் கோரிக்கைன்னு வரும்போது கணக்கு இடிக்கும். துறைவாரி நிலைக்குழு மொத்தம் 24. ஒவ்வொண்ணுலயும் 31 பேர், மக்களவையில இருந்து 21, மாநிலங்களவையில இருந்து 10. பெருக்கிப் பாருங்க, 744 நாற்காலி. ரெண்டு சபையும் சேர்த்தா மொத்த பலம் 788, அமைச்சர்கள் குழுவுல இருக்கக் கூடாது, 2024 ஜூன்ல பதவியேத்த அமைச்சரவையில பிரதமரோட சேர்த்து 72 பேர், மிச்சம் 716. அதாவது ஒருத்தருக்கு ஒரு குழுன்னு வெச்சா நாற்காலி ஆளை விட ஜாஸ்தி! அமைச்சர் இல்லாத எம்பி ஏறக்குறைய எல்லாருமே ஏதாவது ஒரு குழுவுல இருக்காங்க. 24 குழுவும் ஒரே சமயத்துல நூத்துக்கு மேற்பட்ட மானியக் கோரிக்கையைப் பிரிச்சு மேயணும்னா சபையில உட்கார ஆள் ஏது. அதுவுமில்லாம குழு முன்னாடி வந்து பதில் சொல்ல வேண்டியது அமைச்சகச் செயலாளர்கள், சபை நடந்தா அதே ஆபீஸ் ஆட்கள்தான் கேள்வி நேரத்துக்குப் பதில் தயார் பண்ணிக்கிட்டு ராத்திரி பகலா ஓடிக்கிட்டிருப்பாங்க.

இந்த ஏற்பாடு ஒண்ணும் ஆதிகாலத்துது இல்ல. 1989-ல விவசாயம், சுற்றுச்சூழல், அறிவியல் தொழில்நுட்பம்னு மூணு குழுவை வெச்சு சோதனை பண்ணிப் பார்த்தாங்க. 1993-ல, சிவராஜ் பாட்டீல் சபாநாயகரா இருந்தப்போ, 17 குழுவா விரிஞ்சது, அப்ப ஒரு குழுவுக்கு 45 பேர். 2004-ல 24 குழு, 31 பேர்னு மாத்தினாங்க, இன்னிக்கும் அதுதான். 24-ல 16 மக்களவைத் தலைமைச் செயலகத்துக்குக் கீழ, 8 மாநிலங்களவைக்குக் கீழ. அதுக்கு முன்னாடியெல்லாம் மானியக் கோரிக்கை நேரா சபைக்கு வரும், நாலஞ்சு அமைச்சகத்தைப் பத்திப் பேசுவாங்க, நேரம் முடிஞ்சா மிச்சத்தையெல்லாம் மொத்தமா ஓட்டுக்கு விட்டு முடிச்சுடுவாங்க. இதுக்குப் பேர் கில்லட்டின், தலையை வெட்டற மெஷினோட பேரு. பேரு வெச்சவருக்கு ரசனை உண்டு.

குழு ரூம்ல என்ன நடக்கும்? வெளியாள் யாரும் பார்க்க முடியாது, டிவி கிடையாது, பத்திரிகை கிடையாது, கூட்டம் ரகசியமாத்தான் நடக்கணும்னு விதி. இதை நிறைய பேர் குறையா சொல்றாங்க, எனக்கு அதுல பாதி சம்மதம்தான். கேமரா இல்லாததால யாருக்கும் வீடியோ வைரல் ஆகணும்னு கத்தத் தேவையில்ல, கொறடா உத்தரவு கிடையாது, ஆளுங்கட்சி எம்பியே செயலாளரைப் பார்த்து "போன வருஷம் குடுத்த காசுல பாதியைக் கூட செலவு பண்ணலயே, இந்த வருஷம் எதுக்கு ஜாஸ்தி கேக்கறீங்க"ன்னு கேட்க முடியும். அமைச்சகத்துக்கு முன்கூட்டியே கேள்விப் பட்டியல் போகும், எழுத்துல பதில் வரும், அப்புறம் அதிகாரிகள் நேர்ல வந்து வாய்மொழியா சாட்சியம் சொல்வாங்க, குழுச் செயலகம் வரைவு ரிப்போர்ட் எழுதும், குழு கூடி அதை ஏத்துக்கணும், சபையில வைக்கணும். கூட்டம் நடக்க மூணுல ஒரு பங்கு உறுப்பினர்கள் இருந்தாப் போதும். இதெல்லாம் அந்த மூணு வாரத்துக்குள்ள. ஒரு குழுவுக்கு ஒரே அமைச்சகம்னா பரவாயில்ல, விவசாயக் குழுவை எடுத்துக்கோங்க, விவசாயம், விவசாய ஆராய்ச்சி, கால்நடை, மீன்வளம், உணவுப் பதப்படுத்துதல்னு ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி ரிப்போர்ட் எழுதணும். கூடுதல் நேரம் கேட்கக் கூடாது, ஞாபகம் இருக்கில்ல.

குழுவுக்கு ஒரு எல்லைக்கோடும் இருக்கு. வெட்டுத் தீர்மானம் மாதிரி எதையும் ரிப்போர்ட்ல சொல்லக் கூடாது. வெட்டுத் தீர்மானம்னா ஒதுக்கீட்டை ஒரு ரூபாயாக் குறைக்கணும், இல்ல நூறு ரூபாய் குறைக்கணும்னு சபையில எதிர்க்கட்சி குடுக்கிறது, கொள்கை மேல எதிர்ப்பு காட்டற வழி. அமைச்சகத்தோட அன்றாட நிர்வாகத்துலயும் குழு மூக்கை நுழைக்கக் கூடாது. கடைசியில குழு சொல்றதுக்கு மதிப்பு என்னன்னா, யோசிச்சுச் சொன்ன ஆலோசனைன்னு எடுத்துக்கணும்னு விதி சொல்லுது. ஆலோசனை. ஏத்துக்கலாம், ஏத்துக்காமயும் இருக்கலாம்.

இதுவரைக்கும் சொன்னது விதி. நடப்பு எப்படின்னு பார்க்கணும்னா 2018-ஐ எடுத்துக்கிட்டாப் போதும், எனக்குத் தெரிஞ்சு இந்த விதியோட பலமும் பலவீனமும் ரெண்டும் ஒரே வாரத்துல இவ்வளவு பட்டவர்த்தனமா தெரிஞ்சது வேற இல்ல.

2018 பிப்ரவரி 9-ம் தேதி சபை ஒத்திவெச்சாச்சு, மார்ச் 5-ம் தேதி திரும்ப வரணும். நடுவுல பாதுகாப்புத் துறை நிலைக்குழு உட்கார்ந்தது. தலைவர் பி.சி. கந்தூரி, முன்னாள் ராணுவ மேஜர் ஜெனரல், உத்தரகண்ட் முன்னாள் முதல்வர், ஆளுங்கட்சியான பாஜக எம்பி. அந்தக் குழு முன்னாடி ராணுவத் துணைத் தளபதி லெப்டினன்ட் ஜெனரல் சரத் சந்த் வந்து ஒளிக்காமச் சொன்னார். ஒரு நவீன ராணுவத்துல பழசு, இப்ப புழக்கத்துல இருக்கிறது, அதிநவீனம்னு மூணும் மூணுல ஒரு பங்கா இருக்கணும், நம்மகிட்ட 68 சதவீதம் பழசு, 24 சதவீதம் நடப்பு, 8 சதவீதம்தான் அதிநவீனம்னு. நவீனமயமாக்கலுக்குக் குடுத்திருக்கிற 21,338 கோடி, ஏற்கெனவே ஒப்பந்தம் போட்டு ஓடிக்கிட்டிருக்கிற 125 திட்டத்துக்குக் கட்ட வேண்டிய 29,033 கோடிக்கே பத்தாதுன்னும் சொன்னார். யோசிச்சுப் பாருங்க, பதவியில இருக்கிற ராணுவத் துணைத் தளபதி பட்ஜெட் போதலன்னு இப்படிப் புள்ளிவிவரத்தோட எங்க போய்ச் சொல்ல முடியும்? பிரஸ்மீட் வெச்சா வேலை போயிடும். கதவு சாத்தின குழு ரூம்லதான் முடியும், அது ரிப்போர்ட்டா வந்தாத்தான் நமக்கும் தெரியும்.

மார்ச் 13-ம் தேதி அந்த ரிப்போர்ட் நாடாளுமன்றத்துல வைக்கப்பட்டது. மறுநாள், மார்ச் 14-ம் தேதி, மக்களவையில எல்லா அமைச்சகத்தோட மானியக் கோரிக்கையும், பாதுகாப்புத் துறையும் சேர்த்துத்தான், விவாதமே இல்லாம கில்லட்டின்ல போச்சு. நிதி ஒதுக்கீட்டு மசோதா, நிதி மசோதா, எல்லாம் சேர்த்து அரை மணி நேரம் கூட ஆகல. காரணம் சபையில கூச்சல். பஞ்சாப் நேஷனல் பேங்க் மோசடி ஒரு பக்கம், ஆந்திரா சிறப்பு அந்தஸ்து ஒரு பக்கம், அப்புறம் நம்ம பங்கும் உண்டு, காவிரி மேலாண்மை வாரியம் கேட்டு அதிமுக எம்பிக்கள் பதாகையோட மையப்பகுதியில நின்னாங்க. காவிரி நியாயமான விஷயம், சுப்ரீம் கோர்ட் பிப்ரவரி 16-ம் தேதி தீர்ப்பு குடுத்து ஆறு வாரம் கெடு வெச்சிருந்தது, கேட்காம இருக்கவும் முடியாது. ஆனா மொத்தத்துல நடந்தது என்னன்னா, அந்த ரிப்போர்ட்டுக்காக சபையே மூணு வாரத்துக்கு மேல மூடிக் கிடந்துச்சு, ரிப்போர்ட் வந்ததும் அதைப் பத்தி ஒரு நிமிஷம் பேச நேரம் இல்லாமப் போச்சு.

அதே வருஷம் செப்டம்பர்ல குழுக்களைத் திருத்தி அமைச்சப்போ பாதுகாப்புக் குழுவுக்கு கல்ராஜ் மிஸ்ரா தலைவரா வந்தார். குழுவோட ஆயுசு ஒரு வருஷம்தான், ஒருத்தர் ஒரு துறையைக் கத்துக்கறதுக்குள்ள வேற குழுவுக்கு மாத்திடலாம், இதைப் பத்தி ரொம்ப நாளாவே புகார் இருக்கு.

2018 ஏதோ விதிவிலக்குன்னு தள்ளவும் முடியாது. 2023 மார்ச் 23-ம் தேதி 45 லட்சம் கோடி பட்ஜெட், ஒரு அமைச்சகத்தைப் பத்திக் கூட மக்களவையில விவாதம் நடக்காம பாஸ் ஆச்சு, அப்ப அதானி விவகாரமும் ராகுல் காந்தி லண்டன்ல பேசினதும்தான் கூச்சலுக்குக் காரணம். கூச்சல் இல்லாத நல்ல வருஷத்துலயே நாலஞ்சு அமைச்சகத்தைத்தான் பேசுவாங்க, எதைப் பேசறதுன்னு அலுவல் ஆலோசனைக் குழு முடிவு பண்ணும், மத்ததெல்லாம் கில்லட்டின்தான். மாநிலங்களவை சில அமைச்சகங்களோட செயல்பாட்டைப் பத்திப் பேசும், ஆனா மானியக் கோரிக்கைக்கு ஓட்டு போடற உரிமை அதுக்கு இல்ல.

விதியில ஓட்டை எங்க இருக்குன்னா, நான் முதல்ல சொன்ன அஞ்சு வரியைத் திரும்பப் படிங்க. குழுவுக்குக் கெடு இருக்கு, நேரம் நீட்டிக்கக் கேட்கவே கூடாதுங்கிற அளவுக்குக் கறார். சபைக்கு? "ரிப்போர்ட்டை வெச்சுப் பரிசீலிக்கணும்" அவ்வளவுதான். எத்தனை மணி நேரம்னு இல்ல, எத்தனை அமைச்சகம்னு இல்ல, ரிப்போர்ட் வந்து இத்தனை நாள் கழிச்சுத்தான் ஓட்டெடுப்புன்னும் இல்ல. மூட வைக்கத் தெரிஞ்ச விதிக்குக் கேட்க வைக்கத் தெரியல.

2017-க்கு அப்புறம் நெருக்கடி இன்னும் கூடியிருக்கு. அதுவரைக்கும் பட்ஜெட் பிப்ரவரி கடைசி வேலை நாள்ல வரும், மார்ச் 31-க்குள்ள முழுசா பாஸ் பண்ண முடியாது, அதனால ரெண்டு மாசச் செலவுக்கு மட்டும் ஓட் ஆன் அக்கவுண்ட் வாங்கிட்டு, இடைவேளை விட்டு, ஏப்ரல் மே மாசத்துல நிதானமா மிச்சத்தை முடிப்பாங்க. 2017-ல இருந்து பட்ஜெட் பிப்ரவரி 1, ரயில்வே பட்ஜெட்டும் உள்ள சேர்ந்துடுச்சு, ஏப்ரல் 1-ம் தேதியே துறைகளுக்குப் பணம் முழுசா கையில இருக்கணும்ங்கிறது நோக்கம். நல்ல நோக்கம்தான், முன்னாடியெல்லாம் முழு அனுமதி வந்து வேலை ஆரம்பிக்கறதுக்குள்ள மழைக்காலம் வந்துடும்னு சொல்வாங்க. ஆனா இடைவேளை முடிஞ்சு சபை மார்ச் 10 வாக்குல கூடினா மார்ச் 31-க்குள்ள ரெண்டு சபையும் எல்லாத்தையும் முடிச்சாகணும், நடுவுல ஹோலி வேற, கில்லட்டினுக்கு வசதியான காலண்டர் ஆயிடுச்சு.

தேர்தல் வருஷம்னா கதையே வேற. 2024-ல பிப்ரவரியில இடைக்கால பட்ஜெட், தேர்தல் முடிஞ்சு ஜூலை 23-ம் தேதி முழு பட்ஜெட். அப்ப புது மக்களவைக்கு நிலைக்குழுவே அமைக்கல, செப்டம்பர் கடைசியிலதான் அமைச்சாங்க. குழு இல்லாதப்ப இடைவேளை எதுக்கு? பட்ஜெட் ஆகஸ்ட்லயே பாஸ் ஆயிடுச்சு. அப்புறம் குழுக்கள் வந்து அதே 2024-25 மானியக் கோரிக்கையைப் படிச்சு டிசம்பர்ல ரிப்போர்ட் குடுத்துச்சு. பந்தி முடிஞ்சு இலை எடுத்தப்புறம் சாம்பார்ல உப்பு கம்மின்னு சொன்ன மாதிரி. 2014, 2019-லயும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஆட்சி எதுவா இருந்தாலும் இதுல பெரிய வித்தியாசம் இல்ல, 2011-ல மன்மோகன் சிங் ஆட்சியில தமிழ்நாடு, கேரளா, மேற்கு வங்கம், அசாம், புதுச்சேரி தேர்தல் வருதுன்னு பட்ஜெட் தொடரையே மார்ச் 25-ம் தேதியோட சுருக்கி முடிச்சாங்க, இடைவேளை விடல, குழு பார்க்காமலே பட்ஜெட் பாஸ் ஆச்சு. எந்த விதியையும் ஒரு தீர்மானம் போட்டு நிறுத்தி வைக்க சபைக்கு அதிகாரம் இருக்கு, மக்களவையில அது 388-வது விதி. 331-ஜி எவ்வளவு கறாரா எழுதியிருந்தாலும் 388 முன்னாடி நிக்காது. 2021-ல தமிழ்நாட்டுத் தேர்தல் ஏப்ரல் 6-ம் தேதி, அப்ப இடைவேளை ஒழுங்கா விட்டாங்க, ஆனா ஏப்ரல் 8 வரைக்கும்னு போட்ட தொடரை மார்ச் 25-லயே முடிச்சுட்டுப் பிரசாரத்துக்குக் கிளம்பிட்டாங்க.

இவ்வளவு சொன்னப்புறம் எம்பிக்கள் பக்கமும் ஒரு கேள்வி இருக்கு. இடைவேளையில நிஜமாவே குழுவுக்கு வர்றாங்களா? எல்லாரும் வர்றதில்ல. வெங்கையா நாயுடு மாநிலங்களவைத் தலைவரா இருந்தப்ப இடைவேளை முடிஞ்சு சபை கூடினதும் தன் சபைக்குக் கீழ இருக்கிற எட்டுக் குழுவோட வருகைக் கணக்கை சபையிலயே படிச்சுக் காட்டுவார், 2020 மார்ச்லயும் படிச்சார், வராதவங்களைப் பத்தி வருத்தப்பட்டார். தொகுதியில கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம்னு எம்பிக்கும் நெருக்கடி உண்டு, மூணு வாரம் டெல்லியில சபை இல்லன்னா ஊருக்கு வாங்கன்னுதான் கட்சிக்காரங்க கூப்பிடுவாங்க. அப்ப "லீவு விட்டுட்டாங்க"ன்னு சொன்ன ஆளு முழுசா தப்பு சொல்லலன்னும் ஒத்துக்கத்தான் வேணும்.

மத்த இடத்துல எப்படின்னு ஒரு ரவுண்டு பார்த்துடலாம். ஐரோப்பிய நாடாளுமன்றம் வருஷ காலண்டரையே கலர் கலராப் பிரிச்சு வெச்சிருக்கு, ரோஸ் கலர் வாரம்னா குழு வேலை, சிவப்பு வாரம்னா முழு சபை, எப்பவோ ஒரு தடவை மூடறதுக்குப் பதிலா வருஷம் பூரா குழுவுக்குன்னு வாரம் ஒதுக்கியாச்சு. கனடாவுல மானியக் கோரிக்கை மார்ச் 1-க்குள்ள குழுவுக்குப் போகும், மே 31-க்குள்ள ரிப்போர்ட் வரலன்னா வந்ததாவே கருதப்படும், படிச்சாங்களோ இல்லையோ. இலங்கையில நேர் எதிர் ஏற்பாடு, குழுநிலை விவாதம்னு பேரு, ஆனா குழுவுக்காக சபையை மூடறதில்ல, சபையே குழுவா மாறிடும், வழக்கமா நவம்பர் டிசம்பர்ல ஒவ்வொரு அமைச்சோட செலவுத் தலைப்பையும் மொத்த சபையும் நாள் கணக்கா பேசும். எல்லாம் வெளிச்சத்துல நடக்கும், ஆனா அதிகாரியைக் கூப்பிட்டு உட்கார வெச்சுக் குறுக்குக் கேள்வி கேக்கறது அதுல வராது.

பக்கத்துல கேரளாவுல 14 பொருள் குழு இருக்கு, பட்ஜெட் பொது விவாதம் முடிஞ்சதும் மானியக் கோரிக்கை அங்க போகும், டெல்லி மாதிரியேதான். ஒரே ஒரு வித்தியாசம், அங்க குழுவுக்குத் தலைவரே அந்தத் துறை அமைச்சர். பரீட்சை எழுதறவரே பேப்பர் திருத்தற மாதிரி இருக்குன்னு சொல்லலாம், அமைச்சரே உட்கார்ந்திருக்கறதால சொன்னது உடனே நடக்கும்னும் சொல்லலாம். தமிழ்நாட்டுல மதிப்பீட்டுக் குழு, பொதுக் கணக்குக் குழு எல்லாம் இருக்கு, ஆனா ஓட்டெடுப்புக்கு முன்னாடி மானியக் கோரிக்கையைத் துறைவாரியா படிக்கிற குழு கிடையாது. கொள்கை விளக்கக் குறிப்பை மேசையில வைப்பாங்க, ஒரு நாளைக்கு ரெண்டு மூணு துறைன்னு சபையிலயே விவாதம், கடைசியில அமைச்சர் பதிலுரையும் புது அறிவிப்பும், மறுநாள் பேப்பர்ல அறிவிப்பு மட்டும் வரும். ஒதுக்கின காசு போன வருஷம் செலவாச்சான்னு ஒரு செயலாளரை உட்கார வெச்சு எம்எல்ஏக்கள் கேக்கற ரூம் நம்மகிட்ட இல்ல. இத்தனை வருஷமா இருந்த ரெண்டு கட்சிக்கும் அது தேவைப்படலன்னுதான் நினைக்கறேன்.

திரும்ப டெல்லிக்கு. ரிப்போர்ட் வந்தப்புறம் என்ன ஆகும்? மூணு மாசத்துக்குள்ள அரசு எந்தப் பரிந்துரையை ஏத்துக்கிட்டது, எதை ஏத்துக்கலன்னு பதில் சொல்லணும், அதை வெச்சு குழு இன்னொரு ரிப்போர்ட் போடும். 2004-ல வந்த 73-ஏ ன்னு ஒரு சபாநாயகர் உத்தரவுப்படி அமைச்சர் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை சபையில நிலவரம் சொல்லணும். பதில் முழுசா வந்து சேர்றதுக்குள்ள அடுத்த பட்ஜெட் வேலை ஆரம்பிச்சுடும். அதனால பயன் இல்லன்னு சொல்ல வரல, ஒரே விஷயத்தை வருஷா வருஷம் எழுத்துல பதிவு பண்றதுக்கு ஒரு பலம் உண்டு. நூறு நாள் வேலையைப் பத்தி ஊரக வளர்ச்சிக் குழு சொல்லிக்கிட்டே வந்திருக்கு, கூலி பத்தல, நாள் பத்தல, சம்பளப் பாக்கி நிக்குதுன்னு. 2025-ல குடுத்த ரிப்போர்ட்ல கூலி குறைஞ்சது 400 ரூபாய் ஆக்கணும், நாளை 150 ஆக்கணும்னு பரிந்துரை பண்ணிச்சு. அந்த வருஷம் தமிழ்நாட்டுக்கு அறிவிச்ச கூலி 336 ரூபாய், திட்டத்துக்கு ஒதுக்கினது முந்தின வருஷம் இருந்த அதே 86,000 கோடி.

இதே குழுக்களுக்கு மசோதா அனுப்பற பழக்கம் குறைஞ்சுக்கிட்டே வர்றதும் இதோட சேர்த்துப் பார்க்க வேண்டியதுதான். நாடாளுமன்ற வேலையை ஆராயற பிஆர்எஸ் அமைப்போட கணக்குப்படி 15-வது மக்களவையில 71 சதவீத மசோதா குழுவுக்குப் போச்சு, 17-வது மக்களவையில 16 சதவீதம். மசோதாவைக் குழுவுக்கு அனுப்பியே ஆகணும்னு எந்த விதியும் கட்டாயப்படுத்தல, அது இஷ்டம். மானியக் கோரிக்கையில மட்டும்தான் கட்டாயம் மிச்சம் இருக்கு, அதனாலயே இந்தப் பிப்ரவரி மூணு வாரம் போயிடக் கூடாதுன்னு நினைக்கறேன்.

அடுத்த மார்ச் ரெண்டாவது மூணாவது வாரத்துல இந்த ரிப்போர்ட் எல்லாம் நாடாளுமன்ற வெப்சைட்ல வந்துடும், யார் வேணா எடுத்துப் படிக்கலாம், காசு கிடையாது. முழுசா படிக்க பொறுமை இல்லன்னா கடைசிப் பக்கத்துக்குப் போங்க, பின்னிணைப்புல ஒவ்வொரு கூட்டத்தோட நடவடிக்கைக் குறிப்பும் இருக்கும், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்தெந்த அதிகாரி வந்தாங்க, எந்தெந்த உறுப்பினர் வந்தாங்கன்னு பேர் பேரா. உங்க தொகுதி எம்பி அந்தக் குழுவுல இருந்தா அவர் பேர் அங்க இருக்கான்னு பார்த்துக்கலாம்.